தம்பதியாக எல்க் வேட்டை: இருவருக்கும் ஒரு வழிகாட்டியா, ஆளுக்கொருவரா, ஒருவர் துணையாக வருவதா?

அமெரிக்காவின் ராக்கி மலை மாநிலங்களில் வழிகாட்டியோடு எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்குச் செல்லத் திட்டமிடும் கணவனும் மனைவியும் பெரும்பாலும் மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் தொடங்குகிறார்கள். கொலராடோவா, வயோமிங்கா, மொன்டானாவா என்று வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பேசுவதிலேயே பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. பிறகு வேட்டை ஏற்பாட்டாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தால், அவர் முதலில் கேட்பது வேறொன்றாக இருக்கிறது: இருவரும் சுடப்போகிறீர்களா, ஒருவர் மட்டுமா, இருவரும் சுடுவதானால் ஒரே வழிகாட்டி போதுமா? பயணத்தின் செலவையும், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வாய்ப்பையும், ஐந்தாறு நாட்களை இருவரும் எப்படிக் கழிப்பார்கள் என்பதையும் மலையைவிடவும் விடுதியைவிடவும் இந்தக் கேள்விக்கான விடையே அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஆகையால் இந்தக் கட்டுரை அந்த மூன்று ஏற்பாடுகளை முதலில் ஒப்பிடுகிறது. தங்கும் இடத்தைப் பற்றிய தேர்வு அதற்குப் பின்னரே வருகிறது.

ஒரு சொல்லை மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. ஒரு குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட பகுதியில், ஒரு விலங்கைச் சுடுவதற்கு ஒரு நபரின் பெயரில் மாநிலம் வழங்கும் உரிமச் சீட்டை எல்லோரும் "டேக்" என்றே அழைக்கிறார்கள். அது ஒருவருக்கே உரியது. கணவரின் டேக்கில் மனைவியோ, மனைவியின் டேக்கில் கணவரோ சுடுவது இந்த மாநிலங்களில் குற்றம்.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல், ஒவ்வொருவருக்கும் உண்மையில் கிடைக்கும் வேட்டை நேரம். எல்க் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் புல்வெளிகளுக்கு வந்து மேய்ந்துவிட்டு, பகலில் அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் படுத்துவிடும். இணைசேரும் பருவமான செப்டம்பரின் பிற்பகுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பகலிலும் நடமாட்டம் உண்டு என்றாலும், துப்பாக்கிப் பருவத்தின் பெரும்பகுதியில் ஒரு நாளுக்கு இரண்டு நல்ல வேளைகள்தான் அமைகின்றன. ஐந்து நாள் வேட்டை என்று விளம்பரத்தில் பார்ப்பது, கணக்கிட்டுப் பார்த்தால் பத்து வேளைகள். அந்தப் பத்தும் இருவரிடையே எப்படிப் பிரிகின்றன என்பதே இந்த ஒப்பீட்டின் நடுப்புள்ளி.

இரண்டாவது, மொத்தச் செலவு. ஏற்பாட்டாளர் சொல்லும் தொகையில் உரிமக் கட்டணம், அன்பளிப்பு, இறைச்சியை வெட்டிப் பொதியிடும் செலவு, கொம்பையோ தலையையோ பாடம் செய்யும் செலவு, விமானச் செலவு ஆகியவை வழக்கமாகச் சேர்வதில்லை.

மூன்றாவது, இருவரில் உடல் வலுவும் அனுபவமும் குறைந்தவருக்கு அந்த ஏற்பாடு தாங்குமா என்பது. கொலராடோவில் எல்க் வேட்டை 8,000 அடிக்கு மேலேயே பெரும்பாலும் நடக்கிறது; 10,000 அடியைத் தாண்டுவதும் சாதாரணம். கடல்மட்டத்து ஊர்களிலிருந்து வருபவர்களுக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் முதல் இரண்டு நாட்களைக் கெடுத்துவிடலாம். இதை இருவரின் சராசரியை வைத்து அளக்கக் கூடாது. தளர்ந்தவரை வைத்தே அளக்க வேண்டும். அவர் மனைவியாக இருப்பார் என்று முன்முடிவு செய்துகொள்ளவும் கூடாது.

நான்காவது, இருவரும் எவ்வளவு நேரம் உண்மையில் ஒன்றாக இருப்பார்கள் என்பது. சேர்ந்து போகிறோம் என்று பணம் கட்டிவிட்டு, அதிகாலை நான்கு மணி முதல் இரவு எட்டு மணி வரை வெவ்வேறு மலைச்சரிவுகளில் இருந்துவிட்டுத் திரும்புவதும் நடக்கிறது. சிலருக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

டேக் கிடைக்குமா என்பது ஐந்தாவது. அது எல்லா ஏற்பாடுகளுக்கும் பொதுவான தடை என்பதால் அதைத் தனியே பின்னர் பார்க்கலாம்.

## இருவரும் சுடுவது, வழிகாட்டி ஒருவரே

ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் முதலில் முன்வைக்கும் விலை இதுதான். தனியார் பண்ணையில் அறை, உணவு, வாகனம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 10,000 டாலர் வரை கேட்கப்படுகிறது. பெரிய கொம்புக்குப் பெயர்பெற்ற பகுதிகளில் இது எளிதாக இரட்டிப்பாகும். தம்பதிக்கு இதன் கவர்ச்சி வெளிப்படையானது: மூவரும் ஒன்றாக நடக்கிறார்கள், ஒருவர் சுடுவதை மற்றவர் அருகிலிருந்தே காண்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் இதன் மறுபக்கம் தெரியும். பத்து வேளைகளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் முதலில் சுட முடியும். முதல் குண்டுச் சத்தத்தில் மந்தை ஓடிவிடும் என்பதால், அதே இடத்தில் அடுத்தவருக்கும் வாய்ப்பு அமைவது அரிது. ஆகவே ஆளுக்கு ஐந்து வேளைகள்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு கழிவு உண்டு. முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை வீழ்ந்த இடத்திலேயே உரித்து, கால்களைப் பிரித்து, துண்டு துண்டாகச் சுமந்துவர வேண்டும். ஒரு பின்தொடை மட்டுமே எலும்போடு 30 கிலோ அளவில் இருக்கும். வாகனம் போகும் பாதைக்கு அருகில் விழுந்தால் சில மணி நேரத்தில் வேலை முடியும். பள்ளத்தாக்கின் அடியில் விழுந்தால் அன்றைய பொழுதும் மறுநாள் காலையும் போய்விடும். சுமப்பதற்கென்று தனி ஆட்கள் இல்லாத இடத்தில் வழிகாட்டியே அந்த வேலையைச் செய்வார்; அந்த நேரம் முழுவதும் இரண்டாமவரின் வேட்டை நின்றுபோகும். முதல் நாளே ஒருவருக்கு எல்க் கிடைத்துவிட்டால் மிச்ச நாட்கள் எல்லாம் அடுத்தவருக்கே என்பது உண்மைதான். ஆனால் நான்காம் நாள் மாலை வரை முதலாமவருக்குக் கிடைக்காமல், பிறகு கிடைத்தால், இரண்டாமவருக்கு எஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டைத் தேர்பவர்கள், முதலில் சுடுவது யார் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு ஒருவர் என்று மாறி மாறிச் சுடுவது நியாயமாகத் தோன்றினாலும், அனுபவம் குறைந்தவருக்கு எல்க் கிடைக்கும்வரை அவரே முதல் என்று வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. அவருக்கு ஆயத்தமாக நேரம் அதிகம் தேவைப்படும். தாங்குகோலில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை நிதானித்துச் சுட அவருக்கு ஓரிரு வாய்ப்புகள் கைநழுவிப் போகவேண்டியிருக்கும். இந்த வரிசையை மலையில் வைத்து முடிவு செய்ய முயன்றால், எல்க் முன்னால் நிற்கும்போது மரியாதைக்காக இருவரும் ஒருவரையொருவர் சுடச் சொல்லிக்கொண்டு நிற்பார்கள்.

இதே ஏற்பாட்டின் குறையைப் பெருமளவு போக்கும் ஒரு வழி, இருவரும் ஆண் எல்க் டேக் எடுக்காமல், ஒருவர் ஆணுக்கும் மற்றவர் பெண்ணுக்கும் எடுப்பது. பெண் எல்க் மந்தையாகத் திரிவதால் அதைக் காணும் வாய்ப்பு அதிகம். தனித்துத் திரியும் ஆணைத் தேடும் நாளில் கண்ணில் படும் மந்தை வீணாகாது. பெண் எல்க் வேட்டைக்கு ஏற்பாட்டாளர்கள் கேட்கும் தொகையும் ஆண் வேட்டையில் பாதிக்கும் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். இறைச்சியின் மென்மையைப் பொறுத்தவரை பெண் எல்க்கையே விரும்பும் வேட்டையாளர்கள் பலர். கொம்பு வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் சமமாக இல்லாத வீடுகளில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பகுதியில், அதே தேதிகளில், இரண்டு வகை டேக்கும் செல்லுமா என்பதை மாநிலத்தின் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

## இருவரும் சுடுவது, ஆளுக்கொரு வழிகாட்டி

இங்கே ஒவ்வொருவருக்கும் பத்து வேளைகளும் முழுதாகக் கிடைக்கின்றன. ஒருவர் முதல் நாளே முடித்துவிட்டால், மறுநாள் முதல் அவர் மற்றவரோடு துணையாகச் செல்லலாம்; ஆக, சேர்ந்திருக்கும் நேரம் சுழியம் என்று அஞ்ச வேண்டியதில்லை. நடையின் வேகத்தையும் அவரவர் உடலுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்பது பலர் கவனிக்காத நன்மை. வேகமாக நடப்பவர் மேலே ஏறும்போது, முழங்கால் வலியுள்ளவர் புல்வெளி ஓரத்தில் மறைவிடத்தில் அமர்ந்து காத்திருக்கலாம். ஒரே வழிகாட்டியிடம் இருவரும் இருந்தால் யாரோ ஒருவரின் வேகத்துக்கு மற்றவர் பலியாகிறார்.

கூடுதல் கட்டணம் ஆளுக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் டாலர் வரை வரலாம். வழிகாட்டிக்குத் தரும் அன்பளிப்பு வேட்டைக் கட்டணத்தில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு என்பது பொது வழக்கமாக இருப்பதால், கட்டணம் உயரும்போது அன்பளிப்பும் உயர்கிறது. சமையல்காரருக்கும் குதிரை பார்ப்பவருக்கும் தருவது இதில் சேராது. இன்னொரு மறைமுகச் செலவு, இரண்டு விலங்குகளும் கிடைத்துவிடுவது. ஒரு முதிர்ந்த ஆண் எல்க்கிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி 90 கிலோ அளவில் கிடைக்கும். இரண்டு என்றால், அதை வெட்டிப் பொதியிட்டு, உறையவைத்து, வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது விமானத்தில் வந்தவர்களுக்குச் சிறிய வேலை அன்று. மான் இனங்களைத் தாக்கும் நாட்பட்ட உடல்மெலிவு நோய் பரவாமலிருக்க, மூளையும் முதுகெலும்பும் அடங்கிய உடற்பகுதிகளை எல்லைக்குள் கொண்டுவரப் பல மாநிலங்கள் தடை விதித்துள்ளன. எலும்பு நீக்கிய இறைச்சியாகவே கொண்டுசெல்வது பாதுகாப்பானது.

இருவரும் ஓரளவு வேட்டை அறிந்தவர்களாகவும், இருவருக்கும் ஆண் எல்க்கே வேண்டும் என்ற உறுதியும் இருந்தால், விடுதியின் வசதியைக் குறைத்தாவது இரண்டாவது வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்குவதே அறிவுடைமை. சூடான நீச்சல் தொட்டியும் கற்கணப்பும் உள்ள விடுதியில் ஒரே வழிகாட்டியோடு இருப்பதைவிட, எளிய மர வீட்டில் இரண்டு வழிகாட்டிகளோடு இருப்பது வேட்டையாகவே அமையும்.

## ஒருவர் வேட்டை, மற்றவர் துணை

பல தம்பதிகளுக்கு இதுவே சரியான ஏற்பாடு. ஆனால் இதை இரண்டாம்தரமாக எண்ணிக்கொண்டு, விருப்பமில்லாத ஒருவருக்கும் டேக் வாங்கிவிடுகிறவர்கள் அதிகம். வேட்டையாடாமல் உடன்வருபவருக்கு ஏற்பாட்டாளர்கள் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அது ஒரு நாளுக்கு 150 முதல் 300 டாலர் அளவில் இருக்கும். உரிமக் கட்டணம் கிடையாது, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் தேவையில்லை. வேட்டையாடுபவருக்குப் பத்து வேளைகளும் கிடைக்கின்றன. இருவரும் நாள் முழுவதும் ஒன்றாகவே இருக்கலாம்.

செப்டம்பரில் இந்த ஏற்பாடு தனிச் சிறப்புடையது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும் நாட்களில், ஆண் எல்க் எழுப்பும் நீண்ட, சீழ்க்கையாய் உயர்ந்து உறுமலில் முடியும் குரலைக் கேட்பதற்குத் துப்பாக்கி தேவையில்லை. ஆயினும் அதே செப்டம்பரில்தான் இதன் பெரிய இடரும் இருக்கிறது. கொலராடோவில் செப்டம்பர் பெரும்பாலும் வில்வேட்டைக் காலம். வில்லுக்கு எல்க் முப்பது, நாற்பது மீட்டருக்குள் வர வேண்டும். வேட்டையாளர், வழிகாட்டி, துணைவர் என்று மூவரின் அசைவும் மூவரின் வாடையும் அவ்வளவு அருகில் மறைவது கடினம். வில்வேட்டையானால், துணைவர் சில வேளைகளில் பின்தங்கி இருக்கவும் விடுதியிலேயே தங்கவும் மனமிசைந்து வரவேண்டும். துப்பாக்கி வேட்டையில் தொலைவு அதிகம் என்பதால் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

துணைவர் விடுதியில் தங்கும் நாட்களில் என்ன செய்வார் என்பதையும் கேட்டறிய வேண்டும். அருகில் மீன்பிடிக்கும் ஆறு, தனியாக நடந்துபோகத் தகுந்த பாதை, தொலைபேசித் தொடர்பு ஆகியவை இல்லாத இடத்தில் ஐந்து நாட்கள் நீளமானவை. துப்பாக்கிப் பருவத்தில் வெளியே நடமாடும் துணைவரும் ஒளிரும் செம்மஞ்சள் நிற மேலாடையும் தொப்பியும் அணிவது இன்றியமையாதது. கொலராடோவில் துப்பாக்கி வேட்டையாளர் 500 சதுர அங்குல அளவுக்கு ஒளிரும் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. துணைவர் அதே அளவைப் பின்பற்றினால் போதும்.

அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ்த் தம்பதியருக்கு இந்த இடத்தில் ஒரு சட்டக் குறிப்பு தேவைப்படுகிறது. எச்-1பி, எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, செல்லத்தக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. அந்த விதிவிலக்கு உரிமம் உள்ளவருக்கு மட்டுமே உரியது. ஆகவே துணையாக மட்டும் வரும் துணைவர், மற்றவர் மரம் ஏறும்போதோ வேலி தாண்டும்போதோ துப்பாக்கியைச் சற்று வாங்கி வைத்துக்கொள்வதுகூடச் சிக்கலாகலாம். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐயமிருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கீழே உள்ள செலவுக் கணக்கு, ஒரே வழிகாட்டிக்கு ஆளுக்கு 7,500 டாலர் கேட்கும் ஒரு கொலராடோ தனியார் பண்ணையை எடுத்துக்காட்டாகக் கொண்டு போடப்பட்டது. வெளிமாநிலத்தவருக்கான ஆண் எல்க் உரிமம் அங்கு 800 டாலரைத் தாண்டிவிட்டது. பயணச் செலவு இதில் சேரவில்லை.

| | இருவருக்கும் ஒரு வழிகாட்டி | ஆளுக்கொரு வழிகாட்டி | ஒருவர் வேட்டை, மற்றவர் துணை |
|---|---|---|---|
| ஒருவருக்குக் கிடைக்கும் வேளைகள் (ஐந்து நாளில்) | ஏறத்தாழ 5 | 10 | வேட்டையாடுபவருக்கு 10 |
| வேட்டைக் கட்டணம் | 15,000 டாலர் | ஏறத்தாழ 19,000 டாலர் | 9,500 டாலரும் துணைவருக்கு ஏறத்தாழ 1,000 டாலரும் |
| உரிமங்கள், அன்பளிப்பு, இறைச்சிப் பொதி சேர்த்து | 20,000 டாலரை நெருங்கும் | 24,000 டாலருக்கு மேல் | 13,000 டாலர் அளவில் |
| ஒன்றாக இருக்கும் நேரம் | முழுவதும் | ஒருவர் முடித்த பிறகு | முழுவதும், துணைவர் விரும்பினால் |
| தளர்ந்தவருக்குத் தாங்குமா | வேகமானவரின் நடையைப் பொறுத்தது | தாங்கும் | மிக நன்றாகத் தாங்கும் |
| முதன்மையான இடர் | இரண்டாமவருக்கு நேரம் போதாமை | செலவு, பிரிந்திருத்தல் | வில்வேட்டையில் மூவர் சேர்ந்து மறைவது கடினம் |

கொலராடோவில் எல்லா வேட்டையாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், எல்க்கோடு திரும்புபவர்கள் ஐந்தில் ஒருவர் அளவே. நல்ல தனியார் நிலத்தில் வழிகாட்டியோடு செல்பவர்களின் வாய்ப்பு இதைவிட உயர்ந்தது என்றாலும், அங்கும் உறுதி கிடையாது. விலங்கு கிடைக்கும் என்று உத்தரவாதம் தரும் இடங்கள் பெரும்பாலும் உயர்ந்த வேலிக்குள் எல்க்கை வளர்ப்பவை. அது வேறொரு வகைப் பயணம், அதன் விலையும் கொம்பின் அளவைப் பொறுத்தே ஏறும்.

## தங்கும் இடம்: பண்ணையா, வனாந்தரமா, டிராப் கேம்பா

வழிகாட்டியின் எண்ணிக்கை முடிவான பிறகு இடத்தைத் தேர்வது எளிது. தனியார் பண்ணையில் வாகனத்தில் புல்வெளி வரை சென்று, சில மணி நேரம் நடந்து, இரவில் கட்டிலில் உறங்கலாம். கொலராடோவின் வடமேற்கில் மீக்கர், கிரெய்க் ஊர்களைச் சுற்றியுள்ள பகுதி, ஒயிட் ரிவர் மந்தை என்ற மிகப் பெரிய எல்க் கூட்டத்தால் பெயர்பெற்றது. அங்கு இத்தகைய பண்ணைகள் பல உண்டு. முதல் முறையாகச் செல்லும் தம்பதிக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். இதன் மறைமுகக் குறை, எல்க்கும் நிலத்தின் எல்லையை மதிப்பதில்லை என்பது. வானிலை மாறி மந்தை பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டால் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வனாந்தர முகாம் முற்றிலும் வேறு. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வாகனம் நுழைய முடியாது. மொன்டானாவின் பாப் மார்ஷல், ஐடஹோவின் ஃபிராங்க் சர்ச், வயோமிங்கின் டீட்டன் வனாந்தரம் போன்ற இடங்களில் குதிரையிலும் கோவேறு கழுதைச் சுமையோடும் ஒரு நாள் முழுவதும் பயணித்து, கணப்பு வைத்த கான்வாஸ் கூடாரத்தில் தங்குவார்கள். மற்ற வேட்டையாளர்களின் கூட்டம் இருக்காது. பாப் மார்ஷல் பகுதியில் செப்டம்பர் நடுவிலேயே, எல்க் குரலெழுப்பும் காலத்தில், துப்பாக்கி வேட்டை தொடங்கிவிடுகிறது என்பது பெரிய ஈர்ப்பு. ஆனால் குதிரையேறிப் பழகாதவரின் தொடையும் முழங்காலும் இரண்டாம் நாளே எதிர்ப்புத் தெரிவிக்கும். குதிரைக்கு ஏற்றும் எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்; அதை வெட்கப்படாமல் முன்பே கேட்க வேண்டும். வயோமிங்கிலும் மொன்டானாவிலும் பெருங்கரடிகள் நடமாடும் காடுகளில் உணவை உயரத்தில் கட்டித் தொங்கவிடுவது முதல் கரடியை விரட்டும் தெளிப்பான் வைத்திருப்பது வரை ஒழுங்குகள் உண்டு. ஒருவருக்கு நோய் கண்டால் இருவருமே மலையை விட்டு இறங்க நேரும் என்பதால், மீட்புக் காப்பீட்டையும் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிலர் தங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள குதிரைப் பண்ணையில் கோடைக்காலத்தில் சில முறை ஏறிப் பழகிவிட்டு வருகிறார்கள். அந்தச் சிறு செலவு வீணாவதில்லை.

டிராப் கேம்ப் என்பது, ஏற்பாட்டாளர் தம்பதியைக் கூடாரத்தில் விட்டுவிட்டுப் போய், குறித்த நாளில் வந்து அழைத்துச்செல்லும் முறை. செலவு பாதிக்கும் குறைவு, வழிகாட்டியும் கிடையாது. 300 கிலோ விலங்கை இருவர் மட்டும் உரித்துப் பிரிக்கத் தெரிந்திருக்காவிட்டால் இதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். வயோமிங்கில் கூட்டாட்சி வனாந்தரத்துக்குள் வெளிமாநிலத்தவர் பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கென அனுமதி பெற்ற அம்மாநிலக் குடிமகனோ உடனிருக்க வேண்டும் என்ற சட்டம் இருப்பதால், அங்கு இந்த வழி அடைபட்டதே.

## டேக்: இருவருக்கும் சேர்ந்து கிடைக்குமா

பெரும்பாலான நல்ல பகுதிகளுக்கு டேக் குலுக்கலில்தான் கிடைக்கிறது. தனித்தனியே விண்ணப்பித்தால் ஒருவருக்கு விழுந்து மற்றவருக்கு விழாமல் போகலாம்; அப்போது திட்டம் தானாகவே மூன்றாவது ஏற்பாடாக மாறிவிடும். இதைத் தவிர்க்கக் குழுவாக விண்ணப்பிக்கலாம். ஆனால் முந்தைய ஆண்டுகளில் சேர்த்த, குலுக்கலில் முந்திக்கொள்ள உதவும் முன்னுரிமைப் புள்ளிகளை மாநிலங்கள் வெவ்வேறாகக் கணக்கிடுகின்றன. கணவரிடம் ஆறு புள்ளிகள், மனைவியிடம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். வயோமிங் இருவரின் சராசரியை எடுத்து மூன்று என்று கொள்ளும். கொலராடோ இருவரில் குறைந்ததை எடுத்துச் சுழியம் என்று கொள்ளும். பல ஆண்டுகள் சேர்த்த புள்ளிகளைக் கொலராடோவில் புதியவரோடு சேர்த்துக் குழுவாகப் போடுவது, அவற்றை அந்த ஆண்டுக்குப் பயனற்றதாக்குவதற்குச் சமம்.

நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே கிடையாது. டேக்குகளில் பத்து விழுக்காடு ஏற்பாட்டாளரோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கும், ஆறு விழுக்காடு வழிகாட்டியின்றி வரும் வெளிமாநிலத்தவருக்கும் ஒதுக்கப்படுகின்றன. முதல் முறையாக விண்ணப்பிக்கும் தம்பதிக்கு இது சமநிலை தரும் களம். தனியார் நில உரிமையாளர் வழியாகக் கிடைக்கும் அனுமதிச் சீட்டை விலைக்கு வாங்கிக் குலுக்கலையே தவிர்க்கும் வழியும் அங்கு உண்டு. அதன் விலை சில ஆயிரம் டாலராக இருக்கலாம். கொலராடோவில் குலுக்கலில் நுழைவதற்கு முன் தகுதி உரிமம் ஒன்றைத் தனியே வாங்க வேண்டும். வயோமிங்கில் வெளிமாநிலத்தவரின் எல்க் விண்ணப்பம் பிப்ரவரித் தொடக்கத்தில் முடிகிறது. நியூ மெக்சிகோவில் மார்ச் மாதத்தில். கொலராடோ, மொன்டானாவில் ஏப்ரல் தொடக்கத்தில். அதாவது இலையுதிர்காலப் பயணத்தின் முடிவை முந்தைய குளிர்காலத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் அதே காலத்துக்குள் கையில் இருக்க வேண்டும். கொலராடோவில் 1949ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பிறந்த எல்லோருக்கும், வயோமிங்கில் 1966 முதல் பிறந்தவர்களுக்கும் அது கட்டாயம். எந்த மாநிலத்தில் பெற்ற சான்றும் மற்ற மாநிலங்களில் செல்லும் என்பதால் வீட்டருகிலேயே முடித்துக்கொள்ளலாம். துப்பாக்கியைப் பொறுத்தவரை, புதியவருக்கு மற்றவரின் .300 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைக் கொடுப்பது பெருந்தவறு. அதன் பின்னுதைப்பு சுடும்போது கண்ணை மூடவைக்கும் பழக்கத்தை உண்டாக்கிவிடும். 6.5 கிரீட்மூர் அல்லது .308 தோட்டாவுக்கான துப்பாக்கி, தோளுக்கேற்ற நீளமுள்ள பின்கட்டையோடு, 250 மீட்டருக்குள் எல்க்குக்குப் போதும். அந்தத் தொலைவுக்குள் கொண்டுசேர்ப்பது வழிகாட்டியின் வேலை.

## முன்பணம் அனுப்புவதற்கு முன்

ஏற்பாட்டாளர் அந்த மாநிலத்தில் பதிவுபெற்றவரா என்பதைச் சரிபார்ப்பது எளிது: வயோமிங்கிலும் மொன்டானாவிலும் ஏற்பாட்டாளர்களுக்கென்றே வாரியங்கள் உள்ளன, கொலராடோவில் ஒழுங்குமுறைத் துறையின் பதிவு அலுவலகம் இருக்கிறது. பொது நிலத்தில் நடத்துபவரானால் வனத்துறையின் அனுமதியும் அவருக்கு இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று செய்திகள் எழுத்தில் வர வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் டேக் விழுந்தால் மற்றவரின் முன்பணம் என்னவாகும், அவர் துணைவர் கட்டணத்துக்கு மாறலாமா என்பது ஒன்று. முன்பணம் பாதித் தொகையாகவும் திரும்பப் பெற முடியாததாகவும் இருப்பதே பெரும்பான்மை. விலங்கு விழுந்தபின் சுமக்கத் தனி ஆட்கள் உண்டா, வழிகாட்டியே சுமப்பாரா என்பது இரண்டாவது. இதற்கு மழுப்பலான விடை வந்தால் ஒரே வழிகாட்டி ஏற்பாட்டை அங்கே எடுக்க வேண்டாம். மூன்றாவது, ஒரே வழிகாட்டி என்று பதிவுசெய்த தம்பதிக்கு, வேறு வேட்டையாளர் ஒருவர் விலகினால், இரண்டாவது வழிகாட்டியைப் பாதியில் சேர்த்துக்கொள்ள என்ன விலை என்பது. மூன்றாம் நாள் மாலையில் இந்த வாய்ப்பு சில முகாம்களில் கிடைக்கிறது; விலை முன்பே எழுதப்பட்டிருந்தால் கூடாரத்தில் பேரம் பேச வேண்டியிருக்காது.

பழைய வாடிக்கையாளர்களின் பெயர்களை எல்லா ஏற்பாட்டாளர்களும் தருவார்கள். தம்பதியாக வந்தவர்களையே கேட்டு வாங்கி, அந்த இருவரில் டேக்கைப் பயன்படுத்தாமலேயே திரும்பியவரிடம் பேசுங்கள்.